தாழ்வில் திரும்பும்போது தரையையும் பார்க்கணும்

1971 நவம்பர் 22 போய்ரா வான்சண்டையில் நம்ம விமானப்படையின் நாட் போர் விமானங்கள் பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களை மடக்கியதை உங்கள் கட்டுரையில் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தரைக்கு அருகே தாழ்வாகப் பறந்தபடி திரும்புவது எவ்வளவு ஆபத்து என்பதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள்.

மணிக்கு 900 கி.மீ. என்றால் தாம்பரத்திலிருந்து கிண்டி ஏறக்குறைய ஒரு நிமிஷம். விமானத்தை 80 டிகிரி சாய்த்து உயரம் குறையாமல் திரும்ப 5.8 ஜி, அதாவது விமானத்தின் எடையைப் போல் 5.8 மடங்கு தூக்குவிசை, வேண்டும். எதிரியைத் திரும்பிப் பார்க்கிற அவசரத்தில் சாய்வு 85 ஆகி, விமானி கட்டுப்பாட்டுத் தடியை இழுப்பது 5 ஜிக்கு மட்டும் என்றால், ஐந்தே விநாடியில் சுமார் 70 மீட்டர் இறங்கிவிடும். கழுத்து பின்னால் திரும்பியிருப்பதால் அது தெரியவே தெரியாது. முதலில் சாய்வைக் குறைக்கணும், அப்புறம்தான் இழுக்கணும். சாய்வோடு இழுத்தால் திருப்பம்தான் இறுகும், உயரம் மீளாது.

 

– வாசகர், குரோம்பேட்டை, சென்னை