டி.என்.ஏ. கிடைத்துவிட்டாலே ஆள் அங்கே இருந்தார் என்று ஆகாது

“கொலை நடந்த இடத்தில் ஒருவருடைய டி.என்.ஏ. கிடைத்தால் போதும், அவர் அங்கே வந்துபோனது நூற்றுக்கு நூறு உறுதி” என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு, நிரபராதி ஒருவரைச் சிறைக்கு அனுப்பிய தவறு.

2012 நவம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு தொழிலதிபர் வீட்டில் கொல்லப்பட்டார். அவருடைய விரல் நகங்களில் வேறொருவரின் டி.என்.ஏ. இருந்தது. பொருத்தம் சரிதான். ஆனால் அந்த இரவு முழுக்க அந்த மனிதர் குடிபோதையில் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார்! அவரைக் கவனித்த அதே ஆம்புலன்ஸ் ஊழியர்கள்தான் சில மணி நேரம் கழித்துக் கொலை நடந்த வீட்டுக்கும் போனார்கள். ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கிளிப் வழியாக டி.என்.ஏ. தாவியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. உண்மை தெரிவதற்குள் பல மாதங்கள் சிறையில் கழிந்துவிட்டன.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் விசித்திரம். அங்கேயும் அண்டை நாடுகளிலும் குற்றம் நடந்த சுமார் 40 இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ.; போலீஸ் வருடக்கணக்காகத் தேடியது. மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளிலேயே அது ஒட்டியிருந்தது 2009-இல்தான் தெரிந்தது. அந்தப் பெண் குச்சி தயாரிப்பில் வேலை செய்தவர். குச்சிகளுக்குச் செய்யும் கிருமிநீக்கம் கிருமியைக் கொல்லும், டி.என்.ஏ.வை முழுதாக அழிக்காது. மாதிரி எடுக்கும் பொருட்களில் இப்படி டி.என்.ஏ. ஒட்டாமல் பார்த்துக்கொள்ளவென்றே 2016-இல் ஐ.எஸ்.ஓ. 18385 என்ற சர்வதேசத் தர விதி வந்தது.

இன்று சில செல்கள் இருந்தாலே ஆய்வகம் ஆளைச் சொல்லிவிடும். ஆகவே ‘யாருடையது’ என்பதோடு நிற்காமல், ‘எப்படி அங்கே வந்தது’ என்ற கேள்வியையும் தடயவியலாளர்கள் தனியாக ஆராய்கிறார்கள்.