அந்த மீனால் திரும்ப முடிகிறதா?

வீட்டுத் தொட்டியில் வளரும் மீன் ஒன்றுக்குக் கேக் வெட்டிக் கொண்டாடியதாக, ஞாயிற்றுக்கிழமை முதல் எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தப் பிறந்தநாள் காணொளியை நானும் பார்த்தேன். பலூன், கேக், கைதட்டல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நாற்பதாவது விநாடியில் வரும் ஒரு காட்சியில் என் கண் நின்றுவிட்டது. ஆறடித் தொட்டியின் ஒரு முனைக்கு வந்துவிட்ட அந்த மூன்றடிச் சிவப்புவால் கெளுத்தி, மறுமுனைக்குப் போவதற்காக உடலை வில்லாக வளைக்கிறது; மூக்கு முன்கண்ணாடியிலும் வால் பின்கண்ணாடியிலும் உரச, இரண்டு முறை முயன்று தோற்று, மூன்றாவது முறைதான் திரும்புகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் "இந்த மீனால் திரும்ப முடிகிறதா?" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த வசவுகளில் பெரும்பாலானவற்றை மறந்துவிடுவேன். ஆனால் காணொளியை வெளியிட்டவர் என்னுடைய இருபதாண்டு கால நண்பர். அவரே "உன் மீன் செத்துப்போன வயிற்றெரிச்சல்" என்று எழுதியதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

முதலில் அளவைப் பேசிவிடுவோம். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 24 கன அடி, அதாவது ஏறக்குறைய 680 லிட்டர் தண்ணீர். நம் வீட்டுக் கூடத்தில் வைத்தால் அது பெரிய தொட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்றடி நீளமுள்ள மீன் இரண்டடி அகலத்துக்குள் உடலை மடக்காமல் திரும்ப முடியாது. தொட்டியின் நீளத்தை எட்டடியாக்கினாலும் பத்தடியாக்கினாலும் அகலம் இரண்டடியாகவே இருக்கும்வரை இந்த நிலை மாறாது. இதற்கு மீனியல் படித்திருக்க வேண்டியதில்லை, தையற்காரரின் அளவுநாடா போதும்.

இத்தனைக்கும் அந்த மீன் இன்னும் முழுதாக வளர்ந்து முடிக்கவில்லை. அமேசான், ஓரினோகோ ஆற்றுப் படுகைகளைச் சேர்ந்த இந்தக் கெளுத்தி நான்கடிக்கு மேலும் வளரும். 50 கிலோவைத் தாண்டியவை அங்கே தூண்டிலில் பிடிபட்டிருக்கின்றன. கடையில் நம்மிடம் காட்டப்படுவதோ மூன்று அங்குலக் குஞ்சு. கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக, உடம்புக்குப் பொருந்தாத நீண்ட மீசையோடு, பாலித்தீன் பைக்குள் அது அசைவதைப் பார்த்தால் யாருக்கும் கை நீளும். என் கையும் நீண்டது. ஆகவேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பெரிய மீனை வளர்க்கலாமா, கூடாதா என்பது மீன் பெரிதான பிறகு எடுக்கும் முடிவு அல்ல, அது மூன்று அங்குலமாக இருக்கும்போதே எடுக்க வேண்டிய முடிவு.

2015 தொடக்கத்தில் நான் அப்படியொரு குஞ்சை வாங்கியபோது கடைக்காரர் சொன்ன வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது. "தொட்டிக்கு ஏத்த மாதிரிதான் சார் வளரும், கவலைப்படாதீங்க." இந்தப் பொழுதுபோக்கில் இறங்கிய ஒவ்வொருவரிடமும் யாரோ ஒருவர் இதைச் சொல்லியிருப்பார். இது பொய். சிறிய தொட்டியில் மீனின் வளர்ச்சி குறைவது உண்டு, ஆனால் தொட்டியை அளந்து பார்த்து உடல் தன்னைச் சுருக்கிக்கொள்வதால் அல்ல, தண்ணீர் கெடுவதால். மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அமோனியாவாக வெளியேற்றுகிறது. பில்டரில் குடியேறிய நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட் எங்கும் போய்விடாது. நாம் தண்ணீரை மாற்றும்வரை தொட்டியிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். பெரிய மீன், குறைந்த தண்ணீர் என்றால் அது தன் கழிவிலேயே வாழ்கிறது. வளர்ச்சி குன்றுவதும் முதுகெலும்பு வளைவதும் அதன் விளைவுகள். நோயின் அடையாளத்தை இயற்கையின் ஏற்பாடு என்று சொல்லி நமக்கு விற்றிருக்கிறார்கள்.

என் மீன் குன்றவில்லை. அம்மா அதற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தோல் உரித்த இறாலும் நெத்திலியும் போட்டுவந்தார். ஓராண்டுக்குள் நான்கடித் தொட்டி போதாமல் ஐந்தடித் தொட்டி வாங்கினேன். அதற்குள் அது தொட்டியின் காற்றுக்கல் (காற்றுக்குமிழி விடும் சிறு கல்) ஒன்றை விழுங்கி இரண்டு நாள் கழித்துக் கக்கியிருந்தது. அம்மாவின் காலடி ஓசை கேட்டாலே முன்கண்ணாடிக்கு வந்து நிற்கும், நான் போனால் வராது. இரவில் திரும்ப முயலும்போது வால் கண்ணாடியில் மோதும் சத்தம் படுக்கையறைவரை கேட்கும். மூக்கு நுனியில் வெண்மையாக ஒரு புண், ஆறுவதும் மீண்டும் தேய்வதுமாகவே இருந்தது. புண்ணுக்கு மருந்து வாங்கினேன், உப்புப் போட்டேன், வாரம் இருமுறை பாதித் தண்ணீரை மாற்றினேன். புண்ணின் காரணம் கண்ணாடி என்பது மட்டும் எனக்கு நீண்ட நாள் உறைக்கவில்லை. உண்மையில் உறைத்தது, ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. எங்கள் தெருவில் மின்கம்பம் சாய்ந்துவிட்டது. கைவசமிருந்த பேட்டரி ஏர்பம்ப் மூன்று மணி நேரம் ஓடி நின்றது. பிறகு நானும் அம்மாவும் முறைவைத்துக் குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். சிறிய மீன்கள் இருந்த இன்னொரு தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டேகால் அடி உடலுக்கு அவ்வளவு தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சில மணி நேரத்துக்குக்கூடக் காணாது. விடிவதற்குள் போய்விட்டது. விழுந்த மரங்களைத் தாண்டி நடந்தே வந்து, தோட்டத்தில் குழி வெட்டியவர் இப்போது வயிற்றெரிச்சல் என்று எழுதியிருக்கும் அதே நண்பர்தான். ஆகவே என் மீன் எப்படிச் செத்தது என்பது அவருக்குத் தெரியாத செய்தி அல்ல.

இனி, எனக்கு எதிராகச் சொல்லப்பட்டவற்றுக்கு வருகிறேன். "மீன் குழம்பு சாப்பிடுகிறவன் இதைப் பேசலாமா?" என்று குறைந்தது நாற்பது பேர் கேட்டிருக்கிறார்கள். சாப்பிடுகிறேன், வஞ்சிரமும் சங்கராவும் எங்கள் வீட்டில் வாரந்தோறும் உண்டு. மீன் உண்பதே தவறு என்று கருதுகிறவர்கள் என்னைக் கண்டிக்கலாம், அவர்களிடம் எனக்கு வலுவான பதில் இல்லை. ஆனால் கேட்ட நாற்பது பேரும் சைவர்கள் அல்லர். உண்பதற்காக மீனைப் பிடிப்பவர் அதன்மீது அன்பு வைத்திருப்பதாகச் சொல்வதில்லை, அதற்குப் பெயரிடுவதில்லை, கேக் வெட்டுவதில்லை. நாம் சொல்கிறோம். அன்பு என்ற சொல்லை நாமே எடுத்துக்கொண்டுவிட்ட பிறகு, அந்த அன்புக்கு உரிய உயிர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் எப்படி இருக்கிறது என்று பிறர் கேட்கத்தான் செய்வார்கள். குழம்பில் கொதிக்கும் மீனைக் காட்டி அந்தக் கேள்வியை மூடிவிட முடியாது.

"பண்ணையில் பிறந்த மீனுக்கு ஆறு எப்படித் தெரியும்?" என்கிறார்கள். ஆற்றைத் தெரிய வேண்டாம். மூன்றடி உடம்பு அதற்குத் தெரியும். மீனின் இரு பக்கங்களிலும் ஓடும் பக்கக்கோடு என்ற உணர்வுறுப்பு, தண்ணீரின் மிகச் சிறிய அசைவையும் அழுத்த மாற்றத்தையும் அறியக்கூடியது. தன் ஒவ்வோர் அசைவும் நான்கு புறக் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பித் தன் உடம்பிலேயே வந்து மோதும் இடத்தில், மோட்டார் இரவும் பகலும் அதிரும் இடத்தில், அது எதை உணர்ந்துகொண்டிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மீனுக்கு மூன்று விநாடிதான் ஞாபகம் என்பவர்களுக்கு என் அம்மாவின் காலடியை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். நீரைப் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்தும் வில்லாளி மீன்கள் மனித முகங்களைப் பிரித்தறிகின்றன என்று 2016-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வலியே கிடையாது என்பவர்கள், 2003-இல் ஆய்வாளர் லின் ஸ்னெடனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட டிரௌட் மீன் ஆய்வைப் பார்க்கட்டும். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் மற்ற மீன்களைவிட நெடுநேரம் இரையைத் தொடாமல், உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பத்தியைப் படித்த நாளில் நான் என் மீனின் மூக்கைத்தான் நினைத்தேன்.

ஒரே ஒரு மறுப்பு என்னை யோசிக்க வைத்தது. சென்னைக் கொளத்தூரில் அலங்கார மீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்களின் வயிற்றில் அடிக்கிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே வீட்டு மாடியிலும் கொல்லையிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி, கப்பியும் மோலியும் ஏஞ்சலும் பெட்டாவும் வளர்ப்பவர்களிடமிருந்து நான் கற்றது அதிகம். அவர்கள் வாடும்படி நான் எதுவும் எழுத மாட்டேன். ஆனால் அவர்கள் வளர்த்து விற்பவை ஒரு சாதாரணத் தொட்டியில் நிறைவாக வாழ்ந்து முடிக்கக்கூடிய மீன்களே. நான் கேட்பது, தொட்டிக்குள் வாழ முடியாத சில இனங்களை வாங்க வேண்டாம் என்று மட்டுமே. சிவப்புவால் கெளுத்தி, முதலை போன்ற வாயுள்ள அலிகேட்டர் கார் என்ற மீன், அமேசானின் பெருமீனான அரப்பைமா, "ஷார்க்" என்ற பெயரில் ஜோடியாக விற்கப்படும் பங்காசியஸ். மீகாங் ஆற்றில் கூட்டமாக நெடுந்தொலைவு வலசை போகும் அந்தப் பங்காசியஸ் நான்கடி வளரும். அதன் குஞ்சுகள் எத்தனை வரவேற்பறைகளில் இரண்டடித் தொட்டிக்குள் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருக்கின்றன!

வாஸ்துவுக்காக அரோவானா வைத்திருப்பவர்களின் நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஆயினும் வெள்ளி அரோவானா வெள்ளம் புகுந்த அமேசான் காடுகளில், தண்ணீரிலிருந்து எம்பிக் கிளையிலிருக்கும் பூச்சியைப் பிடிக்கும் மீன். மூடி போட்ட தொட்டியில் அது எம்பினால் தலை உடையும், மூடி இல்லாவிட்டால் தரையில் விழுந்து சாகும். வீட்டுக்கு நன்மை வர வேண்டும் என்று வைத்த ஓர் உயிரை இப்படி வைத்திருக்கலாமா என்பதை அந்த நம்பிக்கையுள்ளவர்களே சொல்லட்டும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பதும் சரியில்லை. 2022-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள அரப்பைமா, ஆசிய அரோவானா போன்றவற்றை வைத்திருப்பவர்கள் பதிவுசெய்ய வேண்டும். சிவப்புவால் கெளுத்தி அந்தப் பட்டியலில் இல்லை. நாளையே நான்கு குஞ்சுகள் வாங்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். மூன்று அங்குலத்தில் வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் வாங்குபவர் மட்டுமே.

"பெரிதானால் ஏரியில் விட்டுவிடலாம்" என்று எழுதிய தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதைக் கோபமாகவே சொல்கிறேன். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் வலைபோட்டவர்களுக்கு அரப்பைமா கிடைத்தது. 2023-இல் காஷ்மீரின் தால் ஏரியைத் துப்புரவு செய்தவர்களிடம் அலிகேட்டர் கார் சிக்கியது. பாசி தின்னும் என்று நாம் ஐம்பது ரூபாய்க்கு வாங்கிப்போட்ட சக்கர் மீன், ஒன்றரை அடி வளர்ந்து, இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பெருகிக் கிடக்கிறது. அதன் முள்ளில் சிக்கிக் கிழியும் வலை, அதை நம்பி வாழும் ஓர் ஏழையின் வலை. தன் கூடத்தில் இடமில்லை என்பதற்காக ஊர் ஏரியைத் தொட்டியாக்க யாருக்கும் உரிமை கிடையாது.

வயிற்றெரிச்சலுக்குத் திரும்பி வருகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் நண்பர் அந்தக் குஞ்சை வாங்கிய மாலையில் நானும் உடனிருந்தேன். "இது எவ்வளவு பெரிசாகும்னு உனக்குத்தான் தெரியுமே, வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்டார். அவருடைய மகள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "பெரிய தொட்டி அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நான்தான் சொன்னேன். புயலில் ஒன்றைப் பறிகொடுத்த பிறகும், கண்ணாடியில் வால் மோதும் சத்தத்தை இரண்டாண்டு கேட்ட பிறகும், ஒரு குழந்தையின் முகம் வாடிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தக் காணொளியைப் பார்த்து எனக்கு வந்தது பொறாமை அல்ல. அன்று வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நாற்பதாவது விநாடியில் அந்த மீன் அங்கே இருந்திருக்காது என்பதுதான் மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

இதை நீ படிப்பாய் என்று தெரியும், ஆகவே இனி உனக்கே எழுதுகிறேன். உன் மீன் உயிரோடு இருக்கிறது. ஊரில் உன் அப்பாவின் தோட்டத்தில், கிணற்றடிக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் மேட்டில் பதினைந்தடி நீளம், பத்தடி அகலம், நான்கடி ஆழத்துக்குச் சிமெண்டுத் தொட்டி கட்டலாம். ஏறக்குறைய 17,000 லிட்டர் பிடிக்கும். பக்கத்தில் ஏரியோ வாய்க்காலோ இல்லை, மேலே வலை கட்டிவிட்டால் மழை வெள்ளத்திலும் வெளியே போகாது. சிமெண்டின் காரம் போக ஒரு மாதம் தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொட்ட வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னுடைய இரண்டு மோட்டாரும் பெரிய பில்டரும் ஏழெட்டு வருடமாக மாடியில்தான் கிடக்கின்றன. சனிக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வா.