காலையில் தவறு, மதியத்துக்கு மேல் பொய்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு தொலைக்காட்சி, மோசடி வழக்குச் செய்தியில் என் நண்பரின் படத்தைப் போட்டுவிட்டது. பெயர் ஒன்று, ஆள் வேறு. சிவப்பு வட்டம் போட்டுக் காலையிலிருந்து அதே படம். மதியமே ஃபோன் செய்து 'அது நான் இல்லை' என்று சொன்னார். மாலை வரை ஓட்டினார்கள். இரவு பதினோரு மணிக்குத் திரையின் அடியில் ஒரு வரி ஓடியது: 'தவறுக்கு வருந்துகிறோம்.' எந்தத் தவறு, யாருடைய படம், ஒன்றும் இல்லை. மறுநாள் அவர் மகள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுதாள்.

பொய் சொல்வதும் பேச்சுரிமைதான் என்று யாராவது எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளையின் முகம்தான் வருகிறது.

அமெரிக்காவில் 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் ஒருவன் சுட்டுக் கொன்றான். அது நாடகம், அழுகிற பெற்றோர் எல்லாம் நடிகர்கள் என்று, சதிக்கதைகளைப் பரப்பும் அலெக்ஸ் ஜோன்ஸ் என்பவர் தன் நிகழ்ச்சியில் சொல்லிக்கொண்டே இருந்தார். அதே நிகழ்ச்சியில் சத்து மாத்திரையும் விற்றார். அதை நம்பியவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கே கொலை மிரட்டல் விட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஜோன்ஸ் 96.5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று அந்தப் பள்ளி இருந்த கனெக்டிகட் மாநிலத்தின் ஜூரி சொன்னது 2022இல். பத்து வருடம்!

சரி, பொய் சொன்னாலே உள்ளே தள்ளு என்று சட்டம் போட்டுவிடலாமா? கூடவே கூடாது. எது பொய் என்று யார் முடிவு செய்வது? சிங்கப்பூரில் 2019இல் வந்த சட்டப்படி அமைச்சரே அதை முடிவு செய்து திருத்தம் போடச் சொல்லலாம், நீதிமன்றம் அப்புறம்தான். இந்தியாவிலும் 2023இல், ஒன்றிய அரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று சொல்ல அரசே ஒரு பிரிவை வைத்துக்கொள்ள விதி கொண்டுவந்தார்கள். 2024இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்த அன்று எனக்குப் பெரிய நிம்மதி. எதிர்த்தரப்பு ஆளையே பஞ்சாயத்துத் தலைவராக்கினால் வழக்கு என்ன ஆகும்?

எந்தப் பொய்யைத் தண்டிப்பது, எதை விடுவது என்பதற்கு எனக்குப் பிடித்த கோடு ஒன்று உண்டு. ராணுவத்தின் உயரிய பதக்கம் வாங்கியதாகப் பொய் சொன்ன ஒருவரின் வழக்கில், அப்படிச் சொல்வதையே குற்றமாக்கிய சட்டம் செல்லாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். அது 2012. அடுத்த வருடமே திருத்தி எழுதினார்கள்: பணமோ வேறு ஆதாயமோ பெறுவதற்காக அப்படிச் சொன்னால்தான் குற்றம். தெரிந்தே சொன்னாயா, அதில் என்ன சம்பாதித்தாய், யார் அடிபட்டார்கள் என்று நீதிமன்றம் கேட்கட்டும். நம்பிப் பகிர்ந்த பெரியம்மாவை விட்டுவிடுங்கள்.

என் நண்பர் விஷயத்தில் காலையில் நடந்தது தவறு. எந்தச் செய்தி அறையிலும் நடக்கும். அவர் சொன்ன பிறகும் ஓட்டினார்களே, அதற்குப் பெயர் பொய். நாள் முழுக்க ஓட்டியதற்கு நாள் முழுக்கத் திருத்தம் போடச் சட்டம் சொல்ல வேண்டும். அதே நேரம், அதே அளவு எழுத்து.

அவர் நஷ்டஈடு கேட்கவில்லை. மகள் பள்ளிக்குக் கிளம்பும் முன், காலைச் செய்தியில், 'இவர் அவர் இல்லை' என்று ஒரே ஒரு முறை சொல்லச் சொன்னார். அது கடைசி வரை வரவில்லை.