வெட்டினா அடர்த்தியா வளரும்னு யாரு சொன்னது?

மேல ஒருத்தர் குதிரையோட பிடரி முடிய ஒட்ட வெட்டிவிட்டா அடர்த்தியா வளரும்னு போட்டிருக்காரு, அது தப்புங்க. முடி வளர்றது தோலுக்குள்ள இருக்கற வேர்லேர்ந்து, கத்தரி படறது செத்த நுனில, அப்புறம் எப்படி அடர்த்தி கூடும்? வெட்டின நுனி மழுங்கி நிக்கறதால கண்ணுக்கு அப்படித் தெரியும், அவ்ளோதான். போலோ (குதிரை மேல உக்காந்து மட்டையால பந்து அடிக்கற ஆட்டம்) ஆடற குதிரைக்கு மொட்டையா எடுக்கறது மட்டையும் கடிவாள வாரும் சிக்காம இருக்க, நார்வேயோட ஃபியோர்ட் இனக் குதிரைக்கு நட்டுக்க வெட்டறது பிடரி நடுவுல ஓடற கருப்புக் கோடு எடுப்பா தெரிய (பாக்க சூப்பரா இருக்கும்), ரெண்டுமே அடர்த்திக்காக இல்ல. மாசத்துக்கு ஒரு இன்ச்சுக்குள்ளதான் வளரும், மொட்டையடிச்சா மறுபடி கழுத்துல படிஞ்சு விழவே ஒரு வருஷத்துக்கு மேல ஆகும், நடுவுல பிரஷ் மாதிரி குத்திக்கிட்டு நிக்கும். கழுத்துல ஈ வேற மொய்க்கும். மெலிசா இருக்குன்னா முதல்ல அரிப்புல மரத்துல உரசுதான்னு பாருங்க, கத்தரிய அப்புறம் எடுக்கலாம்.