குயின் முதல் ஆல்பம்: இந்தத் திருத்தம் நியாயமானதே

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான குயினின் முதல் ஆல்பத்தை 2024இல் புதிதாக ஒலிக்கலவை செய்து வெளியிட்டது வரலாற்றைத் திருத்தும் வேலை என்று அதைப் பற்றிய கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் சாடியிருக்கிறார். மற்ற மறுவெளியீடுகளுக்கு அது பொருந்தலாம். இதற்குப் பொருந்தாது.

1973இல் நாம் கேட்டது குழுவின் நால்வரும் விரும்பிய ஒலி அல்ல. லண்டன் ட்ரைடென்ட் ஸ்டூடியோவில், பணம் கட்டியவர்கள் பயன்படுத்தாத நேரங்களில் ஒதுங்கி நின்று பதிவு செய்த ஆல்பம் அது. எதிரொலி எழாத சிறு அடைப்புக்குள் வைத்து வாசித்ததால் ரோஜர் டெய்லரின் டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் வறண்டு கேட்டது. இந்தக் குறையைக் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே பல காலமாகச் சொல்லி வருகிறார். அதற்கு முன்பு, 1971இல், டி லேன் லீ ஸ்டூடியோவில் செய்த மாதிரிப் பதிவுகளும் 2024 வெளியீட்டுத் தொகுப்பில் இருக்கின்றன. அவற்றில் டிரம்ஸ் எவ்வளவு திறந்து ஒலிக்கிறது என்று கேளுங்கள், அவர்கள் எதை நாடினார்கள் என்பது புரிந்துவிடும்.

'கீப் யுவர்செல்ஃப் அலைவ்' பாடலின் நடுவே டிரம்ஸ் தனித்து வரும் இடத்தைப் புதிய கலவையில் ஹெட்போனில் கேட்டேன். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஓர் அறை இருப்பது தெரிகிறது. உடல் சிலிர்த்துவிட்டது.

'மேட் த ஸ்வைன்' பாடலைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே! டிரம்ஸ் ஒலி குறித்த கருத்து வேறுபாட்டால் அன்று கைவிடப்பட்டு, 1991இல் ஒரு சிங்கிளின் (தனிப்பாடல் வெளியீட்டின்) மறுபக்கத்தில் ஒதுங்கிக் கிடந்த பாடல் இப்போது ஆல்பத்தின் நான்காவது பாடலாகத் தன் இடத்துக்குத் திரும்பியிருக்கிறது. பழைய வடிவம்தான் பிடிக்கும் என்பவர்களிடமிருந்து 1973இன் இசைத்தட்டை யாரும் பறித்துவிடவில்லை.