எந்தக் கரைப்பான், எந்த வெளிச்சம்?

ஃபுல்லரின் என்ற கார்பன் பந்து மூலக்கூறையும் பெப்டைட் என்ற அமினோ அமிலச் சங்கிலியையும் சேர்த்து, தானாகவே அடுக்கிக்கொள்ளும் நானோ பொருள் செய்து, "சிறந்த ஆன்டிஆக்சிடன்ட்" என்று போஸ்டர் போடுகிறார்கள். பல்கலைக்கழக இறுதியாண்டு புராஜெக்ட் முதல் முகப்பூச்சு விளம்பரம் வரை ஆதாரமாகக் காட்டுவது பெரும்பாலும் ஒரே எண்: டிபிபிஎச் சோதனையில் (டிபிபிஎச் என்ற ஊதாச் சாயம் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பது) இத்தனை சதவீதம். எந்தக் கரைப்பானில் அளந்தார்கள், எந்த வெளிச்சத்தில் வைத்தார்கள், அப்போது அடுக்கு கலையாமல் இருந்ததா என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை என்பது என் கருத்து.

முதலில் வேதியியல். சி60 என்ற ஃபுல்லரினில் 60 கார்பன் அணுக்கள், 30 இரட்டைப் பிணைப்புகள். ஹைட்ரஜன் ஒன்றுகூடக் கிடையாது. விட்டமின் சி, விட்டமின் இ போன்றவை ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ கொடுத்து ராடிக்கலை, அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறை, அடக்குகின்றன. சி60-க்கு அப்படிக் கொடுக்க ஹைட்ரஜன் இல்லை. ராடிக்கலைத் தன் இரட்டைப் பிணைப்பில் ஏற்றிக்கொள்கிறது. ஒரே மூலக்கூறில் 34 மெத்தில் ராடிக்கல்கள் வரை ஏறுவதை 1991-இல் க்ரூசிக் குழுவினர் காட்டினார்கள். டிபிபிஎச் சோதனை அளப்பதோ கொடுக்கும் திறனை. போதாததற்கு டிபிபிஎச் பருமனான, நிலையான ராடிக்கல். சி60-உடன் லேசில் சேராது. அப்படியிருந்தும் ஊதா நிறம் சட்டென்று வெளுத்தால் ஏன் என்று சந்தேகப்பட வேண்டும்.

சந்தேகத்துக்கு முதல் காரணம் டிஎச்எஃப் என்ற கரைப்பான். டொலுவினிலோ டிஎச்எஃப்-இலோ சி60-ஐக் கரைத்து, தண்ணீரில் விட்டு, கரைப்பானை ஆவியாக்குவது வழக்கம். கடையில் வரும் டிஎச்எஃப்-இல் பெரும்பாலும் 250 பிபிஎம் அளவில் பிஎச்டி (BHT) என்ற பாதுகாப்புப் பொருள் கலந்திருக்கும், பெராக்சைடு உண்டாகாமல் இருக்க. பிஎச்டி தானே ஒரு ஆன்டிஆக்சிடன்ட். 66 டிகிரியில் டிஎச்எஃப் கொதித்துப் போய்விடும், பிஎச்டி தங்கிவிடும். புட்டி லேபிளைப் படிக்காமல் எடுத்தவர் கடைசியில் பிஎச்டியின் திறனைத்தான் ஃபுல்லரின் பெயரில் எழுதுகிறார். ஃபுல்லரின் போடாமல் அதே படிகளை அப்படியே செய்த ஒரு வெற்று மாதிரி இருந்தால் இது உடனே வெளிப்பட்டுவிடும். அதைச் செய்ய அரை நாள் போதும்.

அடுத்தது அடுக்கு. டைஃபினைல்அலனின் என்ற சிறு பெப்டைடை எச்எஃப்ஐபி என்ற கரைப்பானில் மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் கரைத்து, தண்ணீரில் 2 மில்லிகிராமுக்கு இறக்கினால் நானோ குழாய்கள் உருவாகும். 2003-இல் ரெச்செஸ், காஸித் இருவரும் வெளியிட்ட முறை இது. எச்எஃப்ஐபி கரைசலை அன்றன்றே தயாரிக்க வேண்டும், புகைக்கூண்டுக்குள் மட்டுமே திறக்க வேண்டும். இப்போது அந்தக் குழாய்க் கரைசலில் 50 மைக்ரோலிட்டர் எடுத்து, 2 மில்லிலிட்டர் அளவுக்கு மெத்தனால் டிபிபிஎச்-இல் சேருங்கள். செறிவு 0.05 மில்லிகிராமாகிவிடும், போதாததற்கு மெத்தனால் குழாயையே கரைத்துவிடும். அளந்தது தனித்தனி மூலக்கூறுகளை, அறிக்கையில் எழுதுவது "நானோ குழாய்" என்று. நீரில் செய்யும் ஏபிடிஎஸ் என்ற இன்னொரு சாயச் சோதனை இதற்குத் தேவலாம்: 7 மில்லிமோலார் ஏபிடிஎஸ், 2.45 மில்லிமோலார் பொட்டாசியம் பெர்சல்ஃபேட், இருட்டில் 12 முதல் 16 மணி நேரம், பிறகு 734 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.70 வரும்வரை பஃபரில் நீர்த்தல். ஆனாலும் மாதிரியின் இறுதிச் செறிவு அடுக்கு உருவாகும் எல்லைக்கு மேலே இருக்கிறதா என்று தனியே பார்த்தே ஆக வேண்டும். திரள்கள் ஒளியைச் சிதறடிக்கும் என்பதால் சாயம் இல்லாத மாதிரியின் அளவையும் கழிக்க வேண்டும். சி60-இன் உண்மையான வேலையைப் பார்க்க விரும்புபவர்கள் லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழில், ராடிக்கலை உண்டாக்கும் ஏஏபிஎச் சேர்த்து 37 டிகிரியில் கொழுப்பு கெடும் வேகத்தைப் பார்ப்பது பொருத்தம்.

சி60-ஐயும் பெப்டைடையும் வேதிப் பிணைப்பால் இணைத்துச் செய்பவர்களுக்கு ஒன்று. அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்கும் எஃப்மாக் முறையில் பெப்டைட் கட்டும்போது சி60-ஐ நடுவில் போடாதீர்கள். அந்த முறையில் பயன்படும் பிபெரிடின் ஒரு இரண்டாம்நிலை அமீன், ஃபுல்லரின் மேலேயே ஏறிவிடும். சங்கிலி முடிந்தபின் கடைசியில் சேருங்கள். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் இன்னொரு தொல்லை: மைனஸ் 20-இலிருந்து எடுத்த பெப்டைட் குப்பியை உடனே திறந்தால் பொடி ஈரத்தை இழுத்துவிடும், எடை தப்பாகும். ஈரத்தை நீக்கும் டெசிக்கேட்டர் கலத்தில் அறை வெப்பத்துக்கு வந்தபின் திறங்கள்.

எனக்கு அதிகக் கவலை வெளிச்சத்தைப் பற்றித்தான். ஒளி பட்ட சி60 தன் ஆற்றலை ஆக்சிஜனுக்குக் கொடுத்து வினைத்திறன் மிகுந்த சிங்லெட் ஆக்சிஜனை உண்டாக்கும், அதுவும் மிகத் திறமையாக. அதாவது இருட்டில் ராடிக்கலைப் பிடிக்கும் அதே பொருள் வெளிச்சத்தில் செல்லைக் கெடுக்கும். புற்றுநோய்க்கு ஒளிச் சிகிச்சை ஆராய்பவர்கள் ஃபுல்லரினைத் தேடுவது இதற்காகவே. மதியம் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொடும் ஊரில், முகத்தில் பூசும் பொருளுக்கு இருட்டுச் சோதனை மட்டும் காட்டினால் எப்படி ஒத்துக்கொள்வது? ஒவ்வொரு மாதிரிக்கும் அலுமினியத் தாள் சுற்றிய குப்பி ஒன்று, சுற்றாதது ஒன்று வைத்து, இரண்டு எண்களையும் போடுங்கள்.

சி60 கலந்த ஆலிவ் எண்ணெயை ஆயுள் கூடும் என்று வாங்கிக் குடிப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2012-இல் சில எலிகளில் செய்த ஆய்வை வைத்துத்தான் அந்த வியாபாரம் கிளம்பியது. பிறகு சுண்டெலிகளில் செய்த ஆய்வில் ஆயுள் கூடவில்லை. வெளிச்சம் பட்ட எண்ணெய் நச்சாகவும் மாறியது. இங்கே சுகாதார அறிவியல் ஆணையம் ஊட்டச்சத்து மாத்திரைகள் போன்றவற்றுக்கு விற்பனைக்கு முன் ஒப்புதல் கேட்பதில்லை, ஆகவே இணையக் கடையில் கிடைக்கிறது என்பதால் யாரோ சோதித்திருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் யாராவது வாங்கி வைத்திருந்தால், அதைக் குடிக்க வேண்டாம் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.