பொறாமை வந்தால் அவள் பிற்போக்கா?

கணவனும் மனைவியும் பேசி, ஒப்புக்கொண்டு, வேறு துணைகளுக்கும் இடம் விட்டு வாழும் வீடுகள் நம் ஊர்களிலும் இருக்கின்றன. ஓப்பன் மேரேஜ், பாலிஅமோரி என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். பண்பாடு போச்சு என்று கத்துபவர்களோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. இன்று எழுதுவது அவர்களுக்கு இல்லை, என் பக்கம் நிற்கும் நண்பர்களுக்கு. அந்த ஏற்பாட்டுக்குள் இருக்கும் பெண் ஒருநாள் உடைந்து அழுதால், "அது உன் பொசசிவ்னஸ், நீதான் அதைத் தாண்டி வரணும்" என்று அறிவுரை சொல்வது முற்போக்கு வட்டங்களில்தான். சரி என்று சொன்னவளுக்கு வலிக்கவே கூடாதா?

இந்தப் பேச்சு எழுந்தால் கூடவே பிரெஞ்சுப் பெண்ணிய எழுத்தாளர் சிமோன் தெ பொவ்வார் பெயரும் வந்துவிடும். 1929இல் பாரிஸில், தத்துவத் தேர்வில், பின்னாளில் பெரிய தத்துவவாதியான சார்த்தர் முதலிடமும் 21 வயது சிமோன் இரண்டாமிடமும் பெற்ற அதே ஆண்டில், இருவரும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். தங்களுக்கிடையில் இருப்பது அடிப்படையான காதல், வழியில் வரும் மற்றக் காதல்களுக்கும் இருவருக்கும் உரிமை உண்டு, எதையும் மறைக்காமல் ஒருவரிடம் ஒருவர் சொல்லிவிட வேண்டும். நம் ஆட்கள் கதையை இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண் என்னென்ன உணர்ந்தார் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கங்களை யாரும் புரட்டுவதில்லை.

1930களில் சிமோனின் மாணவி ஓல்கா இருவருக்கும் நடுவில் வந்தார். 1943இல் வெளியான சிமோனின் முதல் நாவல் அந்த மூவர் வாழ்க்கையிலிருந்து பிறந்தது. ஓல்காவுக்கே அதைக் காணிக்கையாக்கினார். கதையின் முடிவில் மூத்தவள் எரிவாயுவைத் திறந்துவிட்டு இளையவளைக் கொல்கிறாள். 1945இல் சார்த்தர் அமெரிக்கா போனபோது டொலோரஸ் வனெட்டி என்ற பெண்ணைச் சந்தித்தார். அந்த உறவு ஆழமானதும் சிமோனால் தாங்க முடியவில்லை. உனக்கு யார் முக்கியம், அவளா நானா என்று கேட்டேவிட்டார். அவள் எனக்கு மிக முக்கியம், ஆனால் நான் இருப்பது உன்னோடுதானே என்றார் சார்த்தர். அந்தப் பதிலில் தான் திகைத்துப்போனதைத் தன்வரலாற்றில் சிமோன் ஒளிக்காமல் எழுதுகிறார். ஒப்பந்தத்தை மதிக்கிறேன், அதற்குமேல் கேட்காதே என்றுதான் அவர் காதில் அது விழுந்தது. பிறகு சார்த்தர் விளக்கிச் சொல்லித் தேற்றினார், அது வேறு. பெண்ணின் நிலை பற்றி அந்த நூற்றாண்டையே உலுக்கிய 'இரண்டாம் பாலினம்' (The Second Sex) புத்தகத்தை எழுதப் போகிறவர், அந்த வேலையைத் தொடங்கவிருந்த காலத்தில், எல்லாப் பெண்களும் கேட்கும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். அவரைப் பிற்போக்கு என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

அவரை வெறும் பாதிக்கப்பட்டவராகக் காட்டுவதும் பொய்தான். 1947இல் சிகாகோவில் எழுத்தாளர் நெல்சன் ஆல்கிரனைச் சந்தித்தார், உயிராய் நேசித்தார், முந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். ஆல்கிரன் கட்டிக்கொள்ளலாம் என்றபோது பாரிஸை விட்டு வர முடியாது என்று மறுத்தார். ஆல்கிரன் தந்த மோதிரத்தோடுதான் 1986இல் சார்த்தர் பக்கத்தில் அடக்கமானார். சுதந்திரம், ஆசை, இழப்பு மூன்றும் ஒரே பெண்ணின் வாழ்க்கையில் அருகருகே இருந்தன. ஒன்று இருப்பதால் மற்றது பொய்யாகிவிடவில்லை.

சிமோனை மேற்கோள் காட்டும் நண்பர்கள் விட்டுவிடும் விஷயம் இன்னொன்று உண்டு. 1931இல், ஆசிரியர் வேலைக்கு ஒரே ஊர் கிடைக்கட்டுமே என்று சார்த்தரே திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். சிமோன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பிரான்ஸின் தெற்கில் இருக்கும் மார்செய் நகருக்குத் தனியாக வண்டி ஏறினார். சொந்தச் சம்பளம், ஓட்டலில் தனி அறை, பிள்ளை இல்லை, யாருக்கும் சமைத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. மறுத்தால் தெருவில் நிற்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை. அப்படிப்பட்டவர் சொன்ன 'சரி'யை, வேலையை விட்டு மூன்று வயதுக் குழந்தையோடு வீட்டில் இருக்கும் ஒருத்தி சொல்லும் 'சரி'யோடு எப்படிச் சமமாக வைப்பது? அவள் மறுத்தால் வீடு போகும், பிள்ளையின் பள்ளி போகும், அம்மா வீட்டில் போய் நிற்க வேண்டும். வேறு வழியில்லாமல் சொன்னதை ஒப்புதல் கணக்கில் எழுத நான் தயாராக இல்லை.

நாள்கணக்கு பார்த்தால் இன்னும் தெளிவாகும். அவன் வெளியே போகும் சனிக்கிழமை இரவில் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது யார்? அவள் போக வேண்டும் என்றால் மட்டும் மாமியாரிடம் ஒரு பொய், பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு பொய். பெங்களூரில் இருக்கும் ஒரு தங்கை என்னிடம் சொன்னாள்: "அக்கா, அவன் போன ராத்திரி எனக்கு ஒண்ணும் தோணல. நல்லாத் தூங்கினேன். காலைல வந்து எல்லாத்தையும் சொல்லிடறேன்னு உட்கார்ந்தான் பாருங்க, அப்பதான் மூச்சு முட்டுச்சு. கேக்க மாட்டேன்னு சொன்னா நான் நேர்மையா இல்லையாம்." எல்லாவற்றையும் சொல்லிவிடுவது சொல்பவனை லேசாக்குகிறது. அந்தப் பாரத்தைக் கேட்பவள் வாங்கிக்கொள்கிறாள். எவ்வளவு கேட்பது என்று முடிவு செய்வது அவள் உரிமையாக இருக்க வேண்டும்.

"இதெல்லாம் நம்ம மரபுலயே இருக்கே, மருதத்திணை முழுக்கப் பரத்தைதானே" என்று ஒருவர் பின்னூட்டத்தில் நிச்சயம் வருவார். தலைவன் போவான், தலைவி ஊடுவாள், கடைசியில் வாயில் திறக்கும். அவளும் போகலாம் என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை. சின்ன வீட்டைத் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்த நம் பாட்டிகளின் பொறுமையும் இதில் சேராது. சட்டமும் அண்மைவரை அப்படித்தான் இருந்தது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவுப்படி, ஒருவன் இன்னொருவன் மனைவியோடு உறவு கொண்டால் குற்றம். அவள் கணவன் சம்மதித்திருந்தால் குற்றமில்லை. தன் கணவன் வேறொருத்தியிடம் போனால் மனைவி புகார் கொடுக்க அதில் வழியே இல்லை. 2018 செப்டம்பர் 27 அன்றுதான் ஜோசப் ஷைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஆனால் வேறொரு பிரிவு அப்படியே இருக்கிறது, இதைத்தான் பெண்களிடம் அழுத்திச் சொல்கிறேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125(4), இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144(4): பிறன் தொடர்பில் வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது. விவாகரத்துக்கும் பிறர் தொடர்பு ஒரு காரணமாக நீடிக்கிறது. இரண்டு பேரும் மனம் ஒத்துத்தான் இப்படி வாழ்ந்தோம் என்றாலும், நாளை பிரிவு வந்தால் வாட்ஸப் படங்கள் அவளுக்கு எதிராக மேசைக்கு வரும். கணவனும் உடந்தை என்று அவள் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒப்பந்தம் சமம், தோற்றால் விலை சமமில்லை. அவள் பயத்தைப் பொறாமை என்று பெயரிடுவதற்கு முன் இதையும் எண்ணிப் பாருங்கள்.

நன்றாக வாழ்கிறவர்களையும் எனக்குத் தெரியும். பிள்ளை பெற்ற பிறகு தன் உடம்பை யாரும் விரும்ப மாட்டார்கள் என்று நம்பியிருந்தவள், இன்னொருவர் கண்ணில் தன்னைப் பார்த்து நிமிர்ந்தது உண்மை. பெண்ணையும் நேசிக்கிறேன் என்பதைப் பதினைந்து வருடம் விழுங்கி வைத்திருந்த ஒருத்தி கணவனிடமே சொன்னபோது, அவன் அவள் கையைப் பிடித்து "போ" என்றதும் உண்மை. கணவன் காதலில் இருப்பதைப் பார்த்துச் சிரிக்க முடிகிற பெண்களும் இருக்கிறார்கள், அவர்கள் நடிக்கவில்லை. அவர்கள் எல்லோரிடமும் நான் கண்டது ஒன்றுதான்: வேண்டாம் என்று அவர்கள் எப்போதாவது சொல்லியிருக்கிறார்கள், சொன்ன அன்றே அந்த வெளி உறவு நிறுத்தப்பட்டிருக்கிறது.

அப்படி நிறுத்தும்போது வெளியே தள்ளப்படுபவளும் பெரும்பாலும் ஒரு பெண்தான். பியான்கா என்பவர் சிமோனின் மாணவி, பள்ளிப் பருவம். 1938 முதல் சிமோனோடும், பிறகு சார்த்தரோடும் உறவில் இருந்தார். 1940இல் சார்த்தர் ஒரு கடிதத்தில் முடித்துக்கொண்டார், சிமோனும் விலகினார். யூதப் பெண், நாஜிகள் பிரான்ஸுக்குள் நுழைகிற ஆண்டு அது. ஐம்பது ஆண்டு கழித்து, 1990இல் வெளியான சிமோனின் கடிதங்களில் தன்னை எவ்வளவு இளக்காரமாக எழுதியிருந்தார்கள் என்று படித்து, 1993இல் தன் பக்கத்தைப் புத்தகமாக எழுதினார். எங்கள் ஏற்பாட்டில் மூன்றாமவர் என்ன உணர்வார் என்ற கேள்வியை நாங்கள் தவிர்த்துவிட்டோம் என்று சிமோனே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். இங்கும் ஜோடிகள் 'மூன்றாவது ஆள்' தேடும்போது அவள் பக்கம் யார் பேசுகிறார்கள்?

எல்லாவற்றையும்விட என்னைக் குலைப்பது இதுதான். இரண்டாவது உறவு முறியும்போது அந்தப் பெண்கள் யாரிடமும் அழ முடிவதில்லை. அம்மாவிடம் முடியாது. அலுவலகத்தில் முடியாது. தோழியிடம் சொன்னால் "உனக்குத் தேவைதான்" என்பாள். கணவன் முன்னால் அழுதால் அவனுக்கு வலிக்குமே என்று அடக்கிக்கொள்கிறாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்து தோசை சுடுகிறாள்.

இதற்குள் இருக்கிற பெண்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். நல்லது நடந்தாலும் சொல்லுங்கள், வலித்தாலும் சொல்லுங்கள். நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், உங்கள் பெயர் எங்கும் வராது. சட்ட உதவி வேண்டுமென்றால் நம்பத்தகுந்த பெண் வழக்கறிஞர்களிடம் சேர்த்துவிடுகிறேன்.